ஓட்டிப் பாத்து வாங்கின வண்டி

காரு வாங்கப் போறவங்க இட்லி கடக்காரிய எதுக்கு இட்டுகினு போவாங்க, நீங்களே சொல்லுங்க. என்ன இட்டுகினு போனாங்க. அதுவும் பட்டுப்பொடவ கட்டிகினு வான்னு சொல்லி. காசிமேட்டு சந்துல காலங்காத்தால கரண்டியும் கையுமா நிக்கிறவளுக்கு பட்டுப்பொடவ ஏது? தங்கச்சி பொண்ணு சடங்குக்கு எடுத்த ஆர்ட் சில்க்கு ஒண்ணு கெடந்துச்சி, அத்த சுத்திகினு போனேன். எதிர் வூட்டு பச்சையம்மா கூப்ட்டா நான் மாட்டேன்னு சொன்னதில்ல. என் வூட்டுக்காரன் என்ன வுட்டுட்டு ஓடினப்ப, ஆக்கின கொழம்புல பாதிய தெனமும் கொண்டாந்து என் வாசல்ல வெச்சவ அவ.

பச்சக்கா மீன்காரி. விடியறதுக்குள்ள ஏலத்துல மீனு எடுத்து, ராயபுரத்துல தெரு முனைல குந்தி வித்துட்டு மத்தியானம் வருவா. அவ வூட்டுக்காரரு செல்வம் மாமா, லாஞ்சுல, அந்த பெரிய மீன்புடி படகுல, டிரைவரா இருந்தவரு. எஞ்சின் ரூம்புலயே காலத்த ஓட்டின மனுசன். அந்த சம்பாத்தியத்துல சொந்தமா ஒரு பைபர் போட்டு, சின்ன படகு, வாங்கினாரு. அவங்களுக்கு புள்ள குட்டி இல்ல. பச்சக்காவோட தம்பி டில்லிபாபுதான் புள்ள. அப்பனும் ஆத்தாளும் போனப்ப மூக்கு ஒழுவிகினு வந்து சேந்தவன், மாமா தோள்ல குந்தியே வளந்தான். அப்பால மாமாவும் அவனும் ஒரே போட்டுல போயி ஒரே தட்டுல தின்னாங்க. மாமா மீன்ல முள்ளு எடுத்துக் குடுத்தாதான் தொர சாப்புடுவாரு. மீச மொளச்ச கழுதைக்கு முள்ளு எடுத்துக் குடுக்கறியே, வெக்கமா இல்லன்னு நானே எத்தினியோ தபா திட்டிகீறேன்.

ஐப்பசில மாமா கால்ல தூண்டி முள்ளு கீறுச்சி. சர்க்கர ஒடம்பு. அது இதுன்னு வெச்சிகினு, கடசில பெரியாஸ்பத்திரில வலது கால் வெரலுங்கள எட்த்துட்டாங்க. வெரலு இல்லாதவன் அலைல போட்டுல நிக்க முடியாது. டில்லி வேற ஆளுங்கள சேத்துகினு போனான். கடல்லயும் ஒண்ணியும் பெருசா கெடக்கல, ஆத்து வாயெல்லாம் எண்ணெயும் சாம்பலுமா கலீஜாகி கீது. அப்பதான் எர்ணாவூருல ஒரு ஏஜென்ட்டு இவன புடிச்சிகினான். வளைகுடால போட்டு வேல, ரெண்டு வருசம், வரியான்னு.

அத்த கேட்டதுலருந்து மாமாவுக்கு தூக்கம் போச்சி. "அங்க போனவன் எத்தினி பேரு எல்லைய தாண்டிட்டான்னு உள்ள கெடக்கறான் தெரியுமா? நம்ம சந்துலயே மூணு வூட்டுல போட்டோவ வெச்சிகினு அயுவுறாங்க. இவன அனுப்பிட்டு நான் இங்க குந்திகினு கஞ்சி குடிக்கணுமா?"

டில்லி ஒரு நாள் என் கடைல இட்லி துன்னுகினே வெளாட்டா சொன்னான். "ஒரு ஜெர்மன் காரு வாங்கிக் குடு மாமா, நான் ஏன் போறேன்? மாப்ள ஊர்வலத்துக்கு ஃபாரின் காருதான் கேக்கறானுங்க. மீன்புடி தடைக்காலத்துல நம்ம ஜனம் பூரா கரைல கீது, அப்பதான் எல்லா கல்யாணமும் வெக்கிறாங்க. வண்டி நிக்காது."

சொன்னவன் அத்த மறந்துட்டு மொளவாப்பொடிக்கு எண்ண கேட்டான். கேட்டவரு மறக்கல. பைபர் போட்ட விக்க வெல பேசிட்டாரு.

இதுதான் விசயம். காரு ஓடுனா டில்லி இங்க கீறான். ஓடலன்னா போட்டும் இல்ல, டில்லியும் இல்ல. வேற ஒண்ணியும் இல்ல இந்த கதைல.

வண்டி ஒண்ணு ராயபுரத்துலயே கீதுன்னு தெரிஞ்சுச்சி. அருள்பிரகாசம்னு ஒருத்தரு, ஹார்பர்ல சரக்கு எடுத்துக் குடுக்கற ஏஜென்ட்டு. சொந்த ஊரு தூத்துக்குடி. அங்கயும் அவுருக்கு ஆபீசு, அதனால மாசத்துல பாதி நாளு ரோட்டுலயே கெடந்தவரு. கண்ணுல ஆபரேசன் ஆயி டாக்டரு இனிமே லாங் ஓட்டக்கூடாதுன்னு சொல்லிட்டாரு, விக்கிறாரு. கறுப்பு கலரு, டீசல் வண்டி. கடைல அன்னிக்கி இதான் பேச்சு.

"மீட்டர்ல ஒன்றர லட்சத்துக்கு மேல காட்டுதாம் மாமா," ன்னான் டில்லி. "என் தோஸ்துங்க எல்லாம் வேணாம்ங்கறானுங்க. அத்தினி ஓடின ஃபாரின் வண்டிய வாங்கினா ஸ்பேருக்கே வூட்ட விக்கணுமாம்."

"அவனுங்க இன்னாத்த கண்டானுங்க? லாஞ்சு எஞ்சின் எவ்ளோ ஓடுது? தங்கலுக்கு போனா, நாள் கணக்கா கடல்லயே கெடந்தா, ராவு பகலு நிக்காம ஓடுது. ஓடின எஞ்சின்தான்டா எஞ்சின். கரைல கட்டிப் போட்டதுதான் துருப்புடிச்சி சாவும். இந்தாளு வண்டிய லாங்ல நீட்டா ஓட்டிகீறாரு, நிறுத்தி நிறுத்தி சாவடிக்கல. எனுக்கு அந்த கிலோமீட்டர பாத்துதான் நம்பிக்கையே வருது."

"காரு வேற மாமா. வண்ணாரப்பேட்ட மெக்கானிக்கு காலித் அண்ணன இட்டுகினு போலாம். அவுரு கம்ப்யூட்டர சொருவிப் பாத்து சொல்லுவாரு."

"கம்ப்யூட்டரு! நட்டக்கடல்ல நடு ராத்திரில எஞ்சின் இருமுச்சின்னா எந்த கம்ப்யூட்டர்டா வந்துச்சி? கைய வெச்சி சொல்லுவேன்டா நான், எந்த நாசிலு அடச்சிகினு கீதுன்னு. என் கைல ஒண்ணியும் வெட்டி எடுக்கல இன்னும்."

பச்சக்கா பக்கத்துல குந்தி காரப்பொடி மீனுக்கு தல கிள்ளிகினு இருந்தா. தம்பி சொல்றது சரின்னு அவளுக்கு தெரியும். ஆனா வாய தொறக்கல. டில்லி போனதுக்கு அப்பால நான் கேட்டேன், காலித்த கூப்ட்டாதான் இன்னா கொறஞ்சிடும்னு.

"கால் போனதுலருந்து அவரு இப்டி சத்தமா பேசி இன்னிக்கிதான் கேக்கறேன் நீலா. நான் காலித்த கூப்டுன்னு சொன்னா அந்த சத்தமும் போயிடும். வுடு."

சரின்னு வுட்டேன். ஆனா அவ வேற ஒண்ணு செஞ்சா. சனிக்கிழம சாயங்காலம் அருள்பிரகாசம் சாரு போன் பண்ணி, நாளைக்கி காலைல வந்து பாருங்க, வேற ஒரு பார்ட்டியும் வருதுன்னு சொல்லிட்டாரு. டில்லி கடல்ல கீறான். கைமாத்திக் குடுக்கறதுக்கு முன்னால போட்டோட கடசி ஓட்டம். மாமா தனியா போறேன்னாரு. பச்சக்கா அவர புடிச்சி குந்த வெச்சி கிளாஸ் எட்த்தா.

"இத பாருய்யா. ஏலத்துல நான் இன்னிக்கி வரிக்கும் மீனு இன்னாத்துக்கு வாங்கறேன்னு வாய தொறந்ததில்ல. கல்யாண ஆர்டருன்னு தெரிஞ்சா போதும், ஏலக்காரன் ஒரு ஏத்து ஏத்துவான். வூட்டுக் கொழம்புக்குன்னு மூஞ்ச வெச்சிகினு நிக்கணும். அங்க போயி ஊர்வலத்துக்கு வாடகைக்கு வுடறோம்னு சொன்ன, சம்பாரிக்கிற வண்டின்னு அந்தாளு வெலய தூக்கிடுவான். குடும்பத்தோட வேளாங்கண்ணிக்கு போறதுக்குன்னு சொல்லு. அவரும் கிறிஸ்டீனு, மனசு எளகும்."

"பொய் சொல்ல சொல்றியாடி?"

"ஒரு தபா போயிட்டு வந்துட்டா மெய்யாயிடும்யா."

அந்த குடும்பத்துக்கு ஆளு பத்தலன்னுதான் என்ன ஆர்ட் சில்க்கு கட்டச் சொன்னது. நான் கொழுந்தியாளாம். மாதா கோயில் தெருவுல அவுரு வூட்டு வாசல்ல போயி மூணு பேரும் நின்னோம். மாமா வெள்ள சட்ட, வேட்டி, கால்ல துணி சுத்தி ரப்பர் செருப்பு. எனக்கு சிரிப்பு அடங்கல. பச்சக்கா இடுப்புல கிள்ளினா.

அருள்பிரகாசம் சாரு மெய்யாலுமே நல்ல மனுசன். சர்வீஸ் பண்ண பில்லு எல்லாம் கொண்டாந்து வெச்சாரு. மாமா அத்த தள்ளி வெச்சிட்டு பானட்ட தொறக்கச் சொன்னாரு. எண்ண கம்பிய உருவி ரெண்டு வெரலால தேச்சிப் பாத்தாரு, மோந்து பாத்தாரு. எண்ண ஊத்தற மூடிய கயட்டிட்டு ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, அந்த ஓட்ட மேல உள்ளங்கைய வெச்சிகினு கண்ண மூடிகினாரு. வைத்தியரு நாடி பாக்கற மாதிரி நின்னாரு. சாரு எங்கள பாத்து, அய்யா யாருன்னு சைகைல கேட்டாரு. லாஞ்சு டிரைவருன்னு பச்சக்கா பெருமையா சொன்னா.

"எதுக்கு வாங்கறீங்க, சொந்த உபயோகத்துக்கா?"

மாமா கண்ண தொறந்தாரு. பச்சக்காவ ஒரு பார்வ பாத்தாரு. "குடும்பத்தோட வேளாங்கண்ணி போவணும் சார். ஊரு ஊரா கோயிலுங்களுக்கு போவணும். கால் போச்சி, இனிமே இப்டிதான்."

"ஆகா. அப்ப உங்களுக்குன்னே செஞ்ச வண்டிங்க இது. லாங்ல சும்மா பறக்கும்." சாருக்கு மூஞ்சி பூரா சந்தோசம். "வாங்க, ஓட்டிக் காட்டுறேன். ஊருக்குள்ள ஒரு சுத்து போலாமா, இல்ல எண்ணூர் ரோட்டுல கடலோரமா போலாமா?"

கேட்டாரு. அந்த மனுசன் வாய் தொறந்து கேட்டாரு, என் காதால நான் கேட்டேன்.

"ஊருக்குள்ள இன்னா சார் தெரியும்?" ன்னாரு மாமா. "நீட்டா ஒரு ஓட்டம் ஓட்டுங்க."

மாசி மாசத்து காலைல அந்த ரோடு எப்டி இருக்கும்னு எங்க பக்கத்து ஆளுங்களுக்கு தெரியும். கண்டெய்னர் லாரிங்க எல்லாம் இடது பக்கமா படுத்துகினு கெடக்குது, டிரைவருங்க லாரிக்கு அடில தூங்கறானுங்க. வலது பக்கம் கருங்கல்லு, கடலு. காத்து ஜில்லுன்னு அடிக்கிது. ஒரு சிக்னலு இல்ல, ஒரு மாடு இல்ல. வண்டி எண்ண வுட்ட மாதிரி போச்சி. மாமா முன்னால குந்தி, டேஷ்போர்டு மேல கைய வெச்சிகினே வந்தாரு. திருவொற்றியூரு போச்சி, எர்ணாவூரு வந்துச்சி. ஒரு டீக்கடைல நிறுத்தச் சொல்லி, கிளாஸ் டீய வாங்கி, ஓடற எஞ்சின் மேல வெச்சாரு. டீல ஒரு சுழி கூட இல்ல, அப்டியே நின்னுச்சி.

"நீலா, பாத்தியா," ன்னாரு. அவுரு கண்ணு தளும்பிடுச்சி. "சாவற வரிக்கும் ஓட்டலாம் இத்த. என் புள்ள எங்கயும் போவ மாட்டான்."

மறுநாளே முடிஞ்சிடுச்சி. பச்சக்கா நெனச்சத விட கொறஞ்ச வெலைக்கே சாரு குடுத்தாரு. வேளாங்கண்ணிக்கு போனா எங்களுக்கும் ஒரு மெழுகுவத்தி ஏத்துங்கன்னு சொல்லி, அவரே ஓட்டிகினு வந்து சந்து முனைல வுட்டுட்டு போனாரு. டில்லி கரைக்கு வந்தப்ப காரு முனைல நிக்கிது. நான் வர வரிக்கும் பொறுக்கலயா மாமான்னு கேட்டான். கேட்டுட்டு கதவ தொறந்து உள்ள குந்தினவன் ராத்திரி சோத்துக்குதான் எறங்கினான்.

பங்குனி பூரா ஓட்டிப் பழகினான். சித்திரைல தடைக்காலம் வந்துச்சி, லாஞ்சுங்க எல்லாம் ஹார்பர்ல வரிசையா கட்டிகினு நின்னுச்சி, கல்யாணமும் வந்துச்சி. டில்லி வெள்ள பேன்ட்டு வெள்ள சட்ட போட்டுகினு, தலைக்கு ஜெல்லு தடவிகினு, கதாநாயகன் கணக்கா வண்டிய எடுத்தான். மொத ஊர்வலம் எங்க ராயபுரத்துலயே. ரோசாப்பூவால மூடி, முன்னால பேண்டு, பசங்க குத்தாட்டம், நடுவுல கறுப்பா மினுக்கிகினு வண்டி ஊந்து வருது. மாமா பிளாஸ்டிக் சேர்ல ரோட்டோரமா குந்தி, எஞ்சின் சத்தத்தையே கேட்டுகினு இருந்தாரு. மாப்ளைய பாக்கவே இல்ல. அன்னிக்கி பச்சக்கா வஞ்சிரம் வறுத்து சந்துக்கே குடுத்தா. ஏஜென்ட்டு போன் பண்ணப்ப டில்லி, வேற ஆள பாத்துக்க நைனான்னு சொல்லி வெச்சிட்டான். மாமா அத்த என்கிட்ட நாலு தபா சொன்னாரு.

வெயிலு ஏறிச்சி. நாலஞ்சி ஊர்வலம் முடிஞ்சிருக்கும், ஒரு நாளு சந்துலருந்து கெளம்பறப்ப வண்டி ஒரு ஒதறு ஒதறுச்சி. நனஞ்ச நாயி ஒதறுமே, அப்டி. டில்லி எறங்கி வந்தான்.

"மாமா, நின்னு நின்னு எடுக்கறப்ப இப்டி பண்ணுது. காலித் அண்ணன்கிட்ட காட்டிட்றேன்."

மாமா நொண்டிகினே வந்து பானட் மேல கைய வெச்சாரு. ரொம்ப நேரம் வெச்சிகினு இருந்தாரு. "எஞ்சின்ல ஒண்ணியும் இல்லடா. நூலு புடிச்ச மாதிரி ஓடுது. தூங்கி எந்திரிச்ச ஒடம்பு, சோம்பல் முறிக்கிது. நாளைக்கி ஆர்டர வெச்சிகினு இன்னிக்கி எவனாவது வண்டிய கயட்டுவானா?"

மாமா சொன்னா டில்லிக்கு வேதம். கடல்ல அந்த கைய நம்பிதான் உசுரோட திரும்பி வந்துகீறான். எடுத்துகினு போனான்.

வைகாசில விம்கோ நகர்ல ஒரு கல்யாணம். எங்க ஜனம்தான், பெரிய லாஞ்சுக்காரங்க வூட்டு மாப்ள. நாங்களும் போயிருந்தோம். சாயங்காலம் புள்ளையாரு கோயில்லருந்து மண்டபத்துக்கு மாப்ள அழைப்பு. அந்த புழுக்கத்துல காத்து செத்துப் போயி கெடக்குது, ரோடு அனலா கக்குது. மூணு பேண்டு செட்டு. பத்தடி போவும், நிக்கும், ஆடுவானுங்க, வெடிய கொளுத்துவானுங்க, மறுபடி பத்தடி. கோயில்லருந்து மண்டபம் கூப்புடு தூரம். அத்த நாங்க ஒரு யுகமா போய்கினு இருந்தோம்.

பாதி வயில வண்டி ஒதறுச்சி. மறுபடி ஒதறுச்சி. உள்ள டில்லி மூஞ்சி மாறுச்சி. அப்பால நின்னுடுச்சி. எஞ்சின் ஓடுது, நல்லா சொகமா ஓடுது. டில்லி ஆக்சிலேட்டர மிதிக்கிறான், எஞ்சின் கத்துது, வண்டி ஒரு இஞ்சு நவுரல. ஏதோ தீஞ்ச வாட, கருகின பிரேக்கு மாதிரி. பேண்டுக்காரனுங்க கொஞ்ச தூரம் போயிட்டு, பின்னால யாரும் வரலன்னு திரும்பி வந்தானுங்க.

மாமா கூட்டத்த இடிச்சிகினு போயி பானட்டு மேல ரெண்டு கையயும் வெச்சாரு. "ஓடுதுடா! எஞ்சின் ஓடுதுடா டில்லி! கியர போடுடா!"

"போட்டுதான் கீறேன் மாமா!"

மாப்ளையோட தாய்மாமன் வந்தான், குடிச்சிகீறான். டில்லிய சட்டைய புடிச்சி வெளிய இயுத்து ஒரு அற வுட்டான். "எங்க வூட்டு மாப்ளைய நடுத்தெருவுல எறக்கறியாடா?" மாப்ளைக்கு அம்மா, சகுனம் போச்சேன்னு தலைல அடிச்சிகிட்டா. மாலயும் கோட்டுமா மாப்ள எறங்கி ஒரு ஷேர் ஆட்டோல ஏறி போனான். பேண்டு பசங்க சிரிச்சானுங்க. அஞ்சாறு பேரு சேந்து வண்டிய கால்வா ஓரமா தள்ளினானுங்க. மாமாவும் தள்ளினாரு, செருப்பு கயண்டு துணில ரத்தம் வந்துச்சி, அவரு பாக்கல. எனக்கு அந்த தாய்மாமன கரண்டியால நாலு போடணும்னு வெறி. பச்சக்கா என் கைய வுடல. ஊரே அங்கதான் இருந்துச்சி, செல்போன்ல படம் வேற புடிச்சானுங்க. மறுநாளு பொழுது சாயறதுக்குள்ள மிச்சம் இருந்த ஆர்டரு எல்லாம் போச்சி.

வண்டிய கட்டி இயுத்துகினு வண்ணாரப்பேட்ட காலித் ஷெட்டுக்கு போனோம். காலித் அடில படுத்து, கம்ப்யூட்டர சொருவி, மத்தியானம் வரிக்கும் பாத்தான். பாத்துட்டு கைய தொடச்சிகினே வந்தான்.

"கியர் பாக்ஸ் அவுட்டு நைனா. இதுல உள்ள ரெண்டு கிளட்ச்சு, அதுவா மாத்திக்கும். நீட்டா ஓடுறப்ப ஒரே கியர்ல போவும், ஒண்ணியும் ஆவாது. ஊந்து ஊந்து போனா கிளட்ச்சு தேஞ்சிகினே சூடேறி வெந்துடும். ஏற்கெனவே ஒன்றர லட்சம் ஓடின ஐட்டம் வேற. இத்தயா நீங்க ஊர்வலத்துக்கு வுட்டீங்க?"

"புதுசு போட்டா?" ன்னான் டில்லி.

"வண்டி வாங்கின வெல ஆவும் மாமு. போட்டு மறுபடி ஊர்வலத்துக்கு வுட்டா மறுபடி இங்கதான் வரும். அல்லா மேல ஆண, பொய் சொல்லல. பார்ட்சா பிரிச்சி வித்துடுங்க."

அப்பால மாமா மெல்ல கேட்டாரு. "எஞ்சினு?"

"எஞ்சின் தங்கம் நைனா. இன்னும் இத்தினி ஓடும்."

மாமா மூஞ்சில ஒரு வெளிச்சம் வந்துச்சி. நான் பாத்தேன். ஒரு நிமிசம்தான். இத்தினி நாளா எல்லாரும் தப்பு தப்புன்னு சொன்ன மனுசனுக்கு, கை பொய் சொல்லலன்னு ஒருத்தன் சொன்னா வராதா? டில்லியும் அத்த பாத்துட்டான்.

"இன்னாத்துக்கு சிரிக்கிற? குடி முயுவிப் போச்சி, பல்ல காட்றியா?"

மாமா மேல அவன் கோவப்பட்டு நான் அன்னிக்கிதான் பாத்தேன்.

வித்தவன சும்மா வுடக்கூடாதுன்னு டில்லி நேரா அருள்பிரகாசம் சாரு வூட்டுக்கு போனான். அவன் ஏதாவது பண்ணிடப் போறான்னு நாங்க மூணு பேரும் பின்னாலயே ஆட்டோல ஓடினோம். சாரு கதவ தொறந்து, எங்கள பாத்ததும் சிரிச்சாரு. "வாங்க வாங்க. கொழுந்தியாளும் வந்திருக்கீங்களா. வேளாங்கண்ணி போயிட்டு வந்தாச்சா?"

"எந்த வேளாங்கண்ணி?" ன்னான் டில்லி. "டுபாக்கூர் வண்டிய தலைல கட்டிட்டு கத வுடறியா? மாப்ள ஊர்வலத்துல நடுரோட்ல நின்னுடுச்சிய்யா!"

சாருக்கு ஒண்ணியும் புரியல. புரிய கொஞ்ச நேரம் ஆச்சி. புரிஞ்சதும் நாற்காலில குந்திட்டாரு.

"ஊர்வலத்துக்கா வாங்கினீங்க? அய்யய்யோ, ஏங்க, ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? ஊர்ந்து போனா இந்த வண்டி தாங்காதுங்க. எனக்கே தெரியும். நானே ஹார்பர் கேட்டு நெரிசல்ல எடுக்க மாட்டேன், பைக்குலதான் போவேன். சொல்லியிருந்தா குடுத்தே இருக்க மாட்டேனே. வேளாங்கண்ணின்னு அய்யாதானே சொன்னாரு? நான் ஊருக்குள்ள ஓட்டிக் காட்டவான்னு கூட கேட்டேனே?"

டில்லி மெதுவா மாமா பக்கம் திரும்பினான்.

"சொன்னியா?"

"சொன்னேன்."

"ஏன் மாமா? எவன் சொல்லச் சொன்னான் உனுக்கு?"

பச்சக்கா என் மணிக்கட்ட புடிச்சிகினு இருந்தா. அவ நகம் என் தோல்ல எறங்குது. மாமா அவள பாக்கவே இல்ல. தரைய பாத்துகினே சொன்னாரு.

"எவனும் சொல்லல. எனுக்கு தோணுச்சி. வெல கொறையும்னு."

"காலித்த கூப்டலாம்னேன், வேணாம்ன. நான் வர வரிக்கும் பொறுக்கல. வண்டி ஒதறுதுன்னேன், சோம்பல்ன. போட்டயும் வித்து தின்னுட்ட." டில்லி அயுதான், அயுதுகினே கத்தினான். "வெரலோட சேத்து உன் மூளையயும் வெட்டி எடுத்துட்டாங்களா?"

சாரோட சம்சாரம் காபி கொண்டாந்து நின்னாங்க. யாரும் எடுக்கல. திருப்பி எடுத்துக்க என் கைல எதுவும் இல்லங்க, கண்ணு ஆபரேசனுக்கும் கடனுக்கும் போயிட்டுதுன்னு சாரு சொன்னாரு. நாங்க கேக்கவே இல்ல, அவரா சொன்னாரு. அவர திட்டவும் எங்களுக்கு வயி இல்ல.

தடைக்காலம் முடிஞ்சி லாஞ்சுங்க எல்லாம் கடலுக்கு போச்சி. எஞ்சின ஒருத்தன் ஜெனரேட்டருக்குன்னு வாங்கிகினு போனான். கதவு, சீட்டு, சக்கரம்னு காலித் பிரிச்சி வித்துக் குடுத்தான். அந்த காசுதான் எர்ணாவூரு ஏஜென்ட்டுக்கு போச்சி. டில்லி மாமாகிட்ட பேசறத நிறுத்திட்டான். சாப்பாட்ட எடுத்துகினு என் கடைக்கு வந்துடுவான், முள்ளோட மீன தின்னுட்டு போவான்.

நான் ஒரு நாளு தாங்காம பச்சக்காவ புடிச்சிகிட்டேன். மாவு ஆட்டிகினு இருந்தேன், கிரைண்டர நிறுத்திட்டே கேட்டேன். "நீதானக்கா சொல்லிக் குடுத்த? அந்த மனுசன் தலைல பயிய போட்டுகினு நிக்கிறாரு, நீ வாய்ல இன்னாத்த வெச்சிகினு கீற?"

அவ கோவப்படல. "அவரு சொல்லிடுவாருன்னு நின்னேன் நீலா. சொல்லல. அன்னிக்கி ராத்திரி நானே தம்பிகிட்ட சொல்றேன்னு எந்திரிச்சேன். அவரு கைய புடிச்சிகிட்டாரு. 'ஒருத்தர் மேல கோவம் இருந்தா போதும்டி. ரெண்டு பேரு மேலயும் கோவத்தோட போனான்னா அவன் எங்க திரும்பி வருவான்? உன் மேல ஆசையோட போவட்டும்'னு சொல்றாரு. நான் இன்னா பண்ண?"

"சொல்லுன்னுதான் நான் சொல்லுவேன்."

"எனுக்கும் பயமா கீது நீலா. அவன் என்னயும் அப்டி பாத்துட்டா நான் செத்துடுவேன்."

எனக்கு அவ மேல வந்த கோவம் கொஞ்ச நஞ்சம் இல்ல. கிரைண்டர போட்டு வுட்டேன், அந்த சத்தத்துல அவ இன்னாவோ சொன்னா, கேக்கல. கேக்க இஷ்டமும் இல்ல.

ஆடி பொறக்கறதுக்கு முன்னால டில்லி கெளம்பினான். காலைல, என் கடைல நல்ல கூட்டம். தோள்ல ஒரு பையி, கைல ஒரு பொட்டி. வாசப்படி பக்கத்துல மாமா பிளாஸ்டிக் சேர்ல குந்திகீறாரு, சட்ட போட்டு, தல சீவி, ரெடியா கீறாரு. டில்லி வெளிய வந்தான். அக்கா கால்ல நெடுஞ்சாண்கிடையா வுயுந்தான். பச்சக்கா அவன் தலைல கைய வெச்சா, வெச்ச கைய எடுக்கல, ஓன்னு அயுதா. அவன் எந்திரிச்சி அவ கண்ண தொடச்சி வுட்டு, நீ ஒருத்திதான்கா எனுக்குன்னு சொன்னான். சொல்லிட்டு, சேர்ல குந்திகினு இருந்த மனுசன தாண்டி நடந்தான்.

மாமா அவன கூப்டல. என் பக்கம் திரும்பினாரு. "நீலா, வயிக்கு நாலு இட்லி கட்டிக் குடு. மொளவாப்பொடி நெறிய வெய்யி, எண்ண ஊத்தி. ஓடு, போயிடப் போறான்."

எலைல கட்டி எடுத்துகினு ஓடினேன். கடைல ஆளுங்க கத்தறாங்க, நான் பாக்கல. சந்து முனைல ஆட்டோல ஏறிட்டான். பொட்டலத்த அவன் மடில வெச்சேன். அவன் அத்த பாத்தான், தொட்டுப் பாத்தான், சூடா இருந்துச்சி.

"அக்கா குடுக்கச் சொல்லிச்சா?" ன்னு கேட்டான்.

நான் திரும்பிப் பாத்தேன். மாமா சேர புடிச்சிகினு எந்திரிச்சி நின்னு, வேணாம் வேணாம்னு கைய ஆட்டிகினு இருந்தாரு.

"ஆமாடா," ன்னேன்.